கார்லோ அன்செலோட்டி: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள், ஒரே இடத்துல

நம்ம மேட்ச் பாக்குற கூட்டத்துல புதுசா ஒரு ஆள் சேரும்போதெல்லாம் இதே கேள்விங்கதான். "இவரு என்ன பண்றாரு, சும்மா புருவத்த தூக்கிட்டு சூயிங்கம் மென்னுட்டு நிக்கிறாரு"ன்னு ஆரம்பிச்சு "இவரு பிளேயரா வேற இருந்தாரா"ன்னு போகும். ஒவ்வொரு தடவையும் நடு ராத்திரில டைப் பண்ணி விரல் தேஞ்சு போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். கேள்விய எல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

யாருங்க இவரு? ரியல் மாட்ரிட் கோச்சுன்னு மட்டும் தெரியும், சுருக்கமா சொல்லுங்க

கார்லோ அன்செலோட்டி, இத்தாலிக்காரரு, 1959 ஜூன் 10 பொறப்பு, ஊரு வட இத்தாலில ரெஜ்ஜோலோன்னு ஒரு சின்ன ஊரு. பிளேயரா மிட்ஃபீல்டர், பார்மா, ரோமா, ஏசி மிலன் மூணு டீமுக்கு ஆடுனாரு. கோச்சா அஞ்சு சாம்பியன்ஸ் லீக் (2003, 2007, 2014, 2022, 2024), வேற எந்த கோச்சுக்கும் அத்தன கெடயாது. 2025 மே மாசத்துல ரியல விட்டுட்டு பிரேசில் நேஷனல் டீமுக்கு போனாரு.

அப்பா விவசாயி. வாரத்துக்கு நிலம் எடுத்து மாடு வச்சு பால் கறந்து, அந்தப் பால் பார்மசான் சீஸ் பண்ணப் போகும். அந்த சீஸ் விளையவே ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், அது வித்தாத்தான் கைல காசு. இவரோட பொறுமை எங்கிருந்து வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா நான் மொதல்ல இததான் சொல்வேன்.

பிளேயரா இருந்தாரா? நெஜமாவா? பெரிய ஆளா இல்ல சும்மா பேருக்கா?

பெரிய ஆளுதாங்க. 1976ல பார்மால ஆரம்பிச்சாரு, அப்போ அது மூணாவது டிவிஷன். அங்க கோச் யாருன்னா சேஸரே மால்டினி, அதாவது பாவ்லோ மால்டினியோட அப்பா. 1979ல மேல போறதுக்கான பிளே-ஆஃப்ல ட்ரியஸ்டினாவுக்கு எதிரா ரெண்டு கோல் போட்டு டீம ரெண்டாவது டிவிஷனுக்கு ஏத்தி விட்டாரு, அதே வருஷம் ரோமா தூக்கிருச்சு. பின்னாடி மிலன்ல அந்த பாவ்லோ கூடவே ஆடி அதுக்கப்புறம் அவருக்கே கோச் ஆனாரு, அப்பா கிட்ட கத்துக்கிட்டு புள்ளைக்கு சொல்லிக்குடுத்த கதை.

ரோமால எட்டு சீசன். நில்ஸ் லீட்ஹோம்னு ஸ்வீடன்காரரு ஒருத்தர் கோச், சத்தமே போட மாட்டாரு, கோவமே வராது. இப்ப நீங்க அன்செலோட்டிகிட்ட பாக்குற அந்த நிதானம் பாதி இவருகிட்ட பாத்துப் பழகுனது. 1983ல லீக், நாலு கோப்பா இத்தாலியா, கடைசி ரெண்டு சீசன் கேப்டன். 1987ல மிலன், அங்க அஞ்சு சீசன், ரெண்டு லீக், ரெண்டு யூரோப்பியன் கப் (இப்ப சாம்பியன்ஸ் லீக்னு சொல்றதோட பழைய பேரு). பேருக்கு இருந்த ஆளுக்கு இவ்வளவு வராது.

மிட்ஃபீல்டர்னா பிர்லோ மாதிரியா கட்டூஸோ மாதிரியா?

ரெண்டுக்கும் நடுவுல. பிர்லோன்னா நின்ன எடத்துல இருந்து பாஸ் குடுக்குறவரு, கட்டூஸோன்னா ஓடி ஓடி பந்த புடுங்குறவரு, ரெண்டு பேரும் பின்னாடி இவருகிட்ட மிலன்ல ஆடுனவங்க. சின்ன வயசுல பார்மால முன்னாடி தள்ளி ஸ்ட்ரைக்கருக்கு பின்னாடி ஆடுனவரு, ரோமால பெட்டிக்கு பெட்டி ஓடுற ஆளு, மிலன் போனப்போ காலு முன்ன மாதிரி ஓடாததால நடுவுல நின்னு முன்னாடியே யோசிச்சு பாஸ் குடுக்குற ஆளா மாறிட்டாரு. ஒரே ஆளு மூணு வேலை பாத்திருக்காரு. இத மறந்துராதீங்க, கீழ பிர்லோ கேள்வில இது திரும்ப வரும்.

முட்டி போனதுன்னு சொல்றாங்களே, எப்ப, எவ்வளவு மோசம்?

ரெண்டு தடவ போச்சு, ரெண்டு தடவயும் நேரம் பாத்து போச்சு. மொத தடவ 1981 அக்டோபர். அதனால 1982 வேர்ல்ட் கப் இல்ல, இத்தாலி ஸ்பெயின்ல கப்ப தூக்குனப்போ இவரு வீட்ல. சரி தேறி வந்து 1983ல லீக் ஜெயிச்சாச்சு, அடுத்து யூரோப்பியன் கப் ஆடணும், அந்த 1983 டிசம்பர்ல இன்னொரு முட்டி. 1984 மே 30, ஃபைனல் லிவர்பூல் கூட, நடக்குறது எங்க தெரியுமா, ரோம்ல, ரோமாவோட சொந்த கிரவுண்ட் ஒலிம்பிகோவுலயே. 1-1, பெனால்டில ரோமா தோத்துச்சு. இவரு ஆடவே இல்ல.

வாழ்க்கைல ஒரு தடவ வர்ற மேட்ச், சொந்த ஊர்ல, அதுல பாக்க மட்டும் செய்யணும்னா எப்படி இருக்கும். இவரு டீம்ல பெஞ்ச்ல உக்காந்திருக்கிறவன் மூஞ்சிய தூக்கி வச்சுக்க மாட்டேங்கிறான்னு எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க, எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல. அந்த பக்கம் உக்காந்து பாத்த ஆளு.

1987ல மிலன் இவர வாங்கறப்போ கூட முட்டிய காரணம் காட்டி ஓனர் பெர்லுஸ்கோனி தயங்குனாரு. கோச் அர்ரிகோ சாக்கி பிடிவாதமா இவருதான் வேணும்னு நின்னு வாங்குனாரு.

சாக்கி மிலன்ல எல்லாமே குலிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட் தானே? இவரு சும்மா கூட இருந்தவர் தானே?

1989 ஏப்ரல் 19, சான் சிரோ, யூரோப்பியன் கப் செமி ஃபைனல் ரெண்டாவது லெக், எதிர்ல ரியல் மாட்ரிட். மொத லெக் 1-1. வீடியோ கெடச்சா மொத கோல மட்டும் பாருங்க. நடுவுல பந்து வருது, இவரு ரெண்டு பேர தாண்டி ரொம்ப தூரத்துல இருந்தே ஒரு அடி, பந்து நேரா போய் மேல் பக்கமா வலைல. அதுக்கப்புறம் ரைக்கார்ட், குலிட், வான் பாஸ்டன், டோனடோனி வரிசையா போட்டு 5-0. நீங்க சொன்ன மூணு டச்சுக்காரங்களும் போட்டாங்க, ஆனா கதவ தொறந்தது முட்டி போன நம்ம ஆளு. ஃபைனல்ல ஸ்டேவாவ 4-0, அடுத்த வருஷம் வியன்னால பென்ஃபிகாவ 1-0. ரெண்டு ஃபைனல்லயும் இவரு மொத பதினொண்ணுல இருந்தாரு.

சாக்கி சிஸ்டம் என்னன்னா, 4-4-2 (பின்னாடி நாலு, நடுவுல நாலு, முன்னாடி ரெண்டு), டிஃபென்ஸ் லைன் ரொம்ப மேல, முன்னாடி ஆளுக்கும் பின்னாடி ஆளுக்கும் நடுவுல இடைவெளியே இருக்கக் கூடாது, ஒரு ஆளு நகந்தா பத்து பேரும் நகரணும். இது நடுவுல நின்னு எப்ப ஏறணும் எப்ப நிக்கணும்னு பாக்குற ஆளு தலைலதான் ஓடும். அது இவரு தலை.

இத்தாலிக்கு வேர்ல்ட் கப் ஆடியிருக்காரா இல்லையா

1982 ஏன் இல்லன்னு மேல சொல்லிட்டேன். 1986ல ஸ்குவாட்ல இருந்தாரு, ஒரு நிமிஷம் கூட எறக்கல. 1990 சொந்த நாட்டுல நடந்தப்போ ஆடுனாரு, மூணாவது எடம். மொத்தம் 26 மேட்ச், ஒரே ஒரு கோல், அதுவும் மொத மேட்ச்லயே, 1981 ஜனவரில உருகுவேல நடந்த முண்டியாலிட்டோ டோர்னமெண்ட்ல நெதர்லாந்துக்கு எதிரா. இவ்ளோ நல்ல ஆளுக்கு 26 கம்மிதான், முட்டி சாப்பிட்டது போக மிச்சம்.

நேரா பெரிய டீம் கோச்சா ஆயிட்டாரா? பேரு இருந்தா போதும் போல

இல்லைங்க. 1992ல ரிட்டயர் ஆனதும் சாக்கிக்கு அசிஸ்டென்டா இத்தாலி நேஷனல் டீம். 1994 அமெரிக்கா வேர்ல்ட் கப் ஃபைனல், பிரேசில் கூட 0-0, ராபர்ட்டோ பாஜியோ பெனால்டிய மேல அடிச்சாருல்ல, அந்த பெஞ்ச்ல இவரு உக்காந்திருந்தாரு. 1995ல சொந்த ஊர் பக்கத்து டீம் ரெஜ்ஜானா, ரெண்டாவது டிவிஷன். ஆரம்பத்துல டேபிள்ல அடில கெடந்தாங்க, எப்படியோ புடிச்சு நாலாவதா முடிச்சு மொத டிவிஷனான சீரி ஆவுக்கு ஏத்திட்டாரு. அடுத்த வருஷமே பார்மா, மொத சீசன்லயே ரெண்டாவது எடம், யுவென்டஸ விட ரெண்டே பாயின்ட் கம்மி.

பாஜியோவையே வேணாம்னு சொன்னது இவருதானா?? பைத்தியமா

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த முழுப் பக்கத்தையுமே எழுதுனேன்னு கூட சொல்லலாம். ஆமா, இவருதான். 1997 கோடைல பாஜியோ பார்மாவுக்கு வர ரெடி. ஆனா பாஜியோ ஸ்ட்ரைக்கருக்கு பின்னாடி பத்தாம் நம்பரா ஆடுற ஆளு, அன்செலோட்டி தலைல சாக்கியோட 4-4-2 மட்டும்தான், அதுல பத்தாம் நம்பருக்கு எடமே கெடயாது. வேணாம்னுட்டாரு. பாஜியோ போலோனியாவுக்கு போய் அந்த சீசன்ல லீக்ல மட்டும் 22 கோல் போட்டாரு, மூஞ்சில அடிச்ச மாதிரி.

இதுக்கு முன்னாடியே ஜியான்ஃபிராங்கோ ஜோலாவுக்கு இதே கதை. அவரையும் அதே 4-4-2ல திணிக்கணும்னு லெஃப்ட் சைடுல விங்ல தள்ளி விட்டாரு, கடுப்பாகி 1996 நவம்பர்ல செல்சிக்கு போயிட்டாரு, அங்க போய் அவரு தெய்வம் ஆனது உங்களுக்கே தெரியும். ரெண்டு வருஷத்துல இத்தாலியோட ரெண்டு பத்தாம் நம்பரையும் ஒரு ஃபார்மேஷனுக்காக தொலைச்ச ஆளு.

பாஜியோ விஷயத்துல தப்பு பண்ணிட்டேன்னு அவரே பின்னாடி பல தடவ வெளிப்படையா சொல்லியிருக்காரு. துணி இருக்கு, அதுக்கு ஏத்த மாதிரி ஆள வெட்டுவேன்னு நின்னவரு, ஆளுக்கு ஏத்த மாதிரி துணிய வெட்டணும்னு மாறுனது இங்கதான். இதுக்கப்புறம் அவரோட எந்த டீம எடுத்தாலும் இந்த ஒரு வலி அடில இருக்கும். கீழ வர்ற பாதி பதிலுக்கு இதான் சாவி.

யுவென்டஸ்ல ஏன் அப்படி திட்டுனாங்க? பன்னின்னு எல்லாம் பேனர் வச்சாங்களாமே

வச்சாங்க. பன்னியால கோச்சிங் பண்ண முடியாதுன்னு எழுதி வச்சாங்க, 1999 பிப்ரவரில லிப்பிக்கு பதிலா இவரு வந்தப்போ. பழைய ரோமா, பழைய மிலன் ஆளு, எதிரி வீட்டுப் புள்ளைய கூட்டிட்டு வந்து நடுக்கூடத்துல உக்கார வச்ச மாதிரி அவங்களுக்கு.

ரெண்டு முழு சீசன், ரெண்டுலயும் ரெண்டாவது எடம். 2000 மே 14 கடைசி நாள் பெருஜியா மேட்ச் கேள்விப்பட்டிருப்பீங்க, ஹாஃப் டைம்ல மழைனா மழை, கிரவுண்ட் குளமாயிருச்சு, ரெஃப்ரி கொல்லினா ஒரு மணி நேரத்துக்கு மேல நிறுத்தி வச்சு திரும்ப ஆட விட்டாரு, கலோரின்னு ஒரு டிஃபெண்டர் கோல் போட்டு 1-0, லாட்சியோ ஒரே ஒரு பாயின்ட்ல சாம்பியன். அடுத்த வருஷம் ரோமாகிட்ட ரெண்டு பாயின்ட்ல போச்சு. ரெண்டாவதா வர்ற ஆளுன்னு முத்திரை குத்தி அனுப்பிட்டாங்க. ஆனா அங்க ஒண்ணு நடந்துச்சு, ஜிதானுக்காக தன்னோட 4-4-2வ மொத தடவயா தூக்கிப் போட்டாரு, அவர ரெண்டு ஸ்ட்ரைக்கருக்கு பின்னாடி சும்மா விட்டாரு. பாஜியோவுக்கு குடுக்காதத ஜிதானுக்கு குடுத்தாரு.

பிர்லோவ டிஃபென்ஸ் முன்னாடி ஆட வச்சது இவரு கண்டுபிடிப்பா?

முழுசா இல்ல, இதுல அடிச்சு விடுறவங்க ஜாஸ்தி. மொதல்ல அப்படி ஆட வச்சது ப்ரெஷியா கோச் கார்லோ மட்ஸோனே, 2001ல. ஏன்னா அங்க பத்தாம் நம்பர் எடத்துல யாரு இருந்தான்னா, பாஜியோ! விதி எப்படி சுத்துது பாருங்க. மிலன்ல பிர்லோவே வந்து நான் கீழ நின்னு ஆடுறேன்னு கேட்டதா கதை.

ஆனா மட்ஸோனே பண்ணது கொஞ்ச மேட்ச், இவரு அத வருஷக்கணக்கா முழு டீமோட அடித்தளமா மாத்துனாரு. பிர்லோ மெதுவான ஆளு, அடிக்கிற டாக்கிள் கெடயாது, அங்க நிக்க வச்சா எவனாச்சும் ஓடி வந்து புடுங்கிட்டு போவான்னு பயம் வரும். அதுக்கு பக்கத்துல கட்டூஸோவ காவலுக்கு வச்சாரு. வேகம் போன மிட்ஃபீல்டர் நின்ன எடத்துல இருந்தே ஆட்டத்த நடத்தலாம்ங்கிறது இவருக்கு புஸ்தகத்துல படிச்ச விஷயம் இல்ல, மூணாவது கேள்விய பாருங்க, சொந்தக் கால்லயே ஆடிப் பாத்தது.

கிறிஸ்துமஸ் ட்ரீ கிறிஸ்துமஸ் ட்ரீன்னு சொல்றீங்களே, என்ன அது

4-3-2-1. கீழ நாலு, அப்புறம் மூணு, ரெண்டு, உச்சில ஒண்ணு, பேப்பர்ல வரைஞ்சா மரம் மாதிரி குறுகிட்டே போகும். மிலன்ல பந்து மேல ஆசை இருக்கிற ஆளுங்க அதிகமா சேந்துட்டாங்க, பிர்லோ, சீடோர்ஃப், ருய் கோஸ்டா, ரிவால்டோ, பின்னாடி காக்கா. யாரையும் பெஞ்ச்ல வைக்க மனசில்லாம கண்டுபிடிச்ச ஃபார்மேஷன்தான் இது, பாஜியோ பாடம். 2007ல காவலுக்கு கட்டூஸோ, அம்ப்ரோஸினி, நடுவுல பிர்லோ, மேல சீடோர்ஃபும் காக்காவும், உச்சில இன்ஸாகி. விங்ல ஆளே கெடயாது, அகலத்துக்கு ஃபுல் பேக்குங்க ஓடி ஓடி சாகணும், அதான் இதோட பலவீனம்.

இஸ்தான்புல். 3-0 லீட். நேர்மையா சொல்லுங்க, கோச் தப்பு தானே?

2005 மே 25, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், மிலனும் லிவர்பூலும். மொத நிமிஷத்துலயே மால்டினி, அப்புறம் கிரெஸ்போ ரெண்டு, ஹாஃப் டைம்ல 3-0. அப்புறம் 54, 56, 60, ஆறே நிமிஷத்துல லிவர்பூல் மூணு. பெனால்டில தோல்வி. ஹாஃப் டைம்லயே மிலன் ஆளுங்க கொண்டாடுனாங்கன்னு ஒரு கதை சுத்துது, அத அவங்க எல்லாரும் மறுத்துட்டாங்க.

என் கருத்து: அந்த ஆறு நிமிஷத்துக்கு அவர திட்ட முடியாது, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் மிலன்தான் நல்லா ஆடுச்சு, கடைசில ஷெவ்சென்கோ ரெண்டு தடவ அடிச்சும் லிவர்பூல் கீப்பர் டுடெக் எப்படியோ தடுத்தாரு. ஆனா கேள்வி அது இல்ல. 1984ல இவரு பெஞ்ச்ல கூட இல்லாம பாத்த தோல்வி லிவர்பூல்கிட்ட, பெனால்டில. 2005ம் லிவர்பூல்கிட்ட, பெனால்டில. இவ்வளவு பட்டும் ரெண்டு வருஷத்துல, அந்த சீசன் லீக்ல எட்டு பாயின்ட் கழிச்சு ஆரம்பிச்ச டீம வச்சு, 2007 ஏதென்ஸ்ல அதே லிவர்பூல 2-1 அடிச்சாரு, இன்ஸாகி ரெண்டு. அங்க நான் வாய மூடிக்கிட்டேன்.

அஞ்சு நாட்டு லீக்கும் ஜெயிச்ச ஒரே கோச்னு சொல்றாங்க. ஆனா மிலன்ல எட்டு வருஷத்துல ஒரே லீக் தானே?

ரெண்டுமே உண்மை. இத்தாலி 2004 மிலன், இங்கிலாந்து 2010 செல்சி, ஃபிரான்ஸ் 2013 பிஎஸ்ஜி, ஜெர்மனி 2017 பேயர்ன், ஸ்பெயின் 2022 ரியல். ஐரோப்பாவோட பெரிய அஞ்சு லீக்கும் ஜெயிச்ச மொத ஆளு. 2024ல ரியலோட இன்னொண்ணு, ஆக மொத்தம் ஆறு. செல்சி சீசன்ல லீக்ல 103 கோல், கடைசி நாள் விகன 8-0, கூடவே எஃப்ஏ கப், அந்த கிளப் சரித்திரத்துல மொத டபுள்.

ஆனா குறை சொல்றவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அவ்வளவு பெரிய பெரிய டீம வச்சு ஆறு லீக்ங்கிறது கம்மி. 38 வாரம் ஒரே சூட்டுல டீம வச்சிருக்கிறது இவரு பலம் இல்ல, குளிர் காலத்துல ஏதோ ஒரு சின்ன டீம்கிட்ட போய் கேவலமா டிரா பண்ணிட்டு வருவாங்க. ஏப்ரல் மே வந்தா வேற ஆளு. ரசிகர்கள் நாங்களே இதச் சொல்லித்தான் எங்களத் தேத்திக்குவோம்.

அவ்ளோ நல்ல கோச்னா ஏன் போன எடமெல்லாம் தொரத்தி விட்டாங்க

வரிசையா சொல்றேன். செல்சி: டபுள் அடிச்ச அடுத்த வருஷம் ரெண்டாவது எடம், 2011 மே 22 கடைசி மேட்ச் எவர்டன் கிரவுண்ட் குடிசன் பார்க்ல, 1-0 தோல்வி, மேட்ச் முடிஞ்சு ஊருக்குக் கூட போகல, அந்த ஸ்டேடியத்துலயே வேலை போச்சுன்னு சொல்லிட்டாங்க. ரியல்: டெசிமா (ரியலோட பத்தாவது யூரோப்பியன் கப், 2014) ஜெயிச்சு குடுத்த அடுத்த வருஷம் பெரிய கப் இல்ல, 2015 மே மாசம் அவுட். பேயர்ன்: 2017 செப்டம்பர்ல பிஎஸ்ஜிகிட்ட 3-0, அடுத்த நாளே அவுட், அங்க நெஜமாவே டிரெஸ்ஸிங் ரூம் கை விட்டுப் போச்சு, சில சீனியர் பிளேயருங்க ட்ரெயினிங் பத்தலன்னு முணுமுணுத்தாங்க. அது அவரோட சரிவுதான், பூசி மெழுக வேண்டாம்.

நாப்போலிதான் விசித்திரம். 2019 நவம்பர்ல தண்டனையா எல்லாரும் கேம்ப்ல தங்கணும்னு ஓனர் சொல்ல, பிளேயருங்க மாட்டோம்னு வீட்டுக்கு போயிட்டாங்க. அந்த முடிவு எனக்கு சம்மதம் இல்லன்னு அன்செலோட்டி வெளிப்படையாவே சொல்லியிருந்தாரு. டிசம்பர் 10 ஜெங்க்க 4-0 அடிச்சு சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட்டுக்கு டீம கொண்டு போன ராத்திரியே வேலைய விட்டு தூக்கிட்டாங்க. அவரு எடத்துக்கு வந்தது யாரு? கட்டூஸோ! பிர்லோவுக்கு காவல் நின்ன அதே கட்டூஸோ.

டெசிமா ரமோஸ் ஹெட்டர் தானே சாமி, கோச் என்ன பண்ணாரு அதுல

2014 மே 24 லிஸ்பன், சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், அட்லெட்டிகோ 1-0 லீட், 92 நிமிஷம் 48 செகண்ட் வரைக்கும். கார்னர், ரமோஸ் தலை, 1-1, எக்ஸ்ட்ரா டைம்ல 4-1. ஹெட்டர் ரமோஸோடதுதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரு மணி நேரம் ஆகறதுக்குள்ள கெதிராவையும் கொயன்ட்ராவையும் எடுத்துட்டு இஸ்கோ, மார்செலோன்னு ஒரே நேரத்துல எறக்குனது யாரு? அட்லெட்டிகோ காலு செத்ததே அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் ஓட விட்டதாலதான்.

அந்த சீசன்ல இன்னொரு விஷயம் உண்டு, டி மரியா. பேல்னு ஒரு விங்கர வாங்கிட்டாங்க, விங்ல எடம் இல்ல, டி மரியா போயிருவாருன்னே எல்லாரும் நெனச்சாங்க. இவரு அந்த ஒல்லி விங்கர நடு மிட்ஃபீல்ட்ல லெஃப்ட் பக்கமா எறக்குனாரு. ஃபைனல்ல பேல் போட்ட கோலுக்கு முன்னாடி லெஃப்ட்ல மூணு பேர தாண்டிப் போனது அவருதான், மேன் ஆஃப் த மேட்சும் அவருதான்.

எனக்கு என்னவோ டாக்டிக்ஸே இல்லாத ஆளுன்னு தோணுது. நல்ல பிளேயர், நல்ல லக்கு, ஒரு புருவம். மறுக்க முடியுமா?

2022 சாம்பியன்ஸ் லீக்ல எல்லாருக்கும் இது தோணுச்சு. பிஎஸ்ஜி, செல்சி, சிட்டி மூணு பேர்கிட்டயும் செத்து செத்து பொழச்சு, சிட்டிக்கு எதிரா ரோட்ரிகோ 90லயும் 91லயும் போட்டு, ஃபைனல்ல கீப்பர் கூர்ட்வா ஒத்த ஆளா நின்னு காப்பாத்தி 1-0. லக் இல்லன்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த சிட்டி மேட்ச் ராத்திரி க்ரூஸ், மோட்ரிச், கசெமிரோ மூணு பேரையும் வெளிய எடுத்துட்டு காமாவிங்கா மாதிரி சின்னப் பசங்கள வச்சு முடிச்சாரு. எத்தன கோச்சுக்கு அந்த தைரியம் வரும்?

2024 இன்னும் நல்ல உதாரணம். பென்ஸெமா போயிட்டாரு, பதிலுக்கு பெரிய ஸ்ட்ரைக்கர் வாங்கல. கூர்ட்வா, மிலிட்டாவ், அலாபா மூணு பேருக்கும் முட்டி லிகமெண்ட். வேற ஆளா இருந்தா புலம்பியிருப்பாங்க. இவரு பெல்லிங்கம ஸ்ட்ரைக்கருக்கு பின்னாடி வச்சு டயமண்ட் மாதிரி ஒண்ணு கட்டுனாரு, மிட்ஃபீல்டர் லீக்ல 19 கோல் போட்டான், 95 பாயின்ட்ல லீக், வெம்ப்ளில டோர்ட்மண்ட 2-0 அடிச்சு கப்பு. டாக்டிக்ஸ்னா கோச் தலைல இருக்கிறத பிளேயர் மேல ஏத்துறதுன்னு நீங்க நெனச்சா, ஆமா, இவருகிட்ட அது இல்ல. அத பார்மாலயே விட்டுட்டாரு.

எதிர் உதாரணமும் சொல்லிடறேன். 2024-25ல எம்பாப்பே, வினிசியுஸ், ரோட்ரிகோ, பெல்லிங்கம் நாலு பேரையும் ஒரே டீம்ல உக்கார வைக்க கடைசி வரைக்கும் அவரால முடியல. யாரையும் வெளிய வைக்க மாட்டேங்கிற குணம் அங்க அவரையே கடிச்சுது. சாம்பியன்ஸ் லீக்ல ஆர்சனல்கிட்ட ரெண்டு மேட்சும் சேத்து 5-1 தோல்வி.

நடுவுல எவர்டன் எதுக்கு போனாரு, காசுக்கா

காசும்தான், இல்லன்னா பொய். ஆனா வேலை போன குடிசன் பார்க்லயே வந்து வேலைக்கு சேந்தாரு பாருங்க, எனக்கு அது பிடிக்கும். 2021 பிப்ரவரில ஆன்ஃபீல்ட்ல லிவர்பூல 2-0, எவர்டன் அங்க ஜெயிச்சது 1999க்கு அப்புறம் அப்பதான். சீசன் பத்தாவது எடத்துல முடிஞ்சுது, முடிஞ்ச கையோட ரியல் கூப்பிட்டுச்சு.

வரி கேஸ்ல ஜெயில்னு நியூஸ் பாத்தேன், உள்ள போயிட்டாரா?

இல்ல. 2014ல இமேஜ் ரைட்ஸ் (தன் பேரையும் படத்தையும் பயன்படுத்த விடுற உரிமை) வருமானத்த வரில காட்டலன்னு மாட்ரிட் கோர்ட் 2025 ஜூலைல ஒரு வருஷ தண்டனையும் அபராதமும் போட்டுச்சு, 2015 வருஷத்து குற்றச்சாட்டுல விடுதலை. ஸ்பெயின்ல மொத தடவ மாட்டுறவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு கீழன்னா பொதுவா உள்ள போக வேண்டியதில்ல. தப்பு தப்புதான், கோச்சிங் பிடிக்கும்ங்கிறதுக்காக நான் வக்காலத்து வாங்கப் போறதில்ல.

பிரேசிலுக்கு ஏன் ஒரு இத்தாலிக்காரரு? அவங்களுக்கு ஆளே இல்லையா

2002க்கு அப்புறம் கப் இல்ல, 2025 மார்ச்ல அர்ஜென்டினாகிட்ட 4-1 வாங்குனாங்க, கோச்ச தூக்குனாங்க, பெருமைய கீழ எறக்கி வச்சுட்டு வெளியாள கூப்டாங்க. முன்னாடி வெளிநாட்டுக்காரங்க ஏதோ சில மேட்சுக்கு நின்னிருக்காங்க, இந்த மாதிரி முழுப் பொறுப்பு குடுத்ததில்ல. ஆனா இவரு அவங்களுக்கு அந்நியம்னு சொல்ல முடியாது. ரோமால ஃபால்காவ், செரெசோ கூட ஆடுனவரு, காஃபு, டிடா, காக்கா, ரொனால்டோ, ரொனால்டினியோ எல்லாரையும் மிலன்ல நடத்துனவரு, ரியல்ல வினிசியுஸ வளத்தவரு.

மொத மேட்ச் ஈக்வடார் கூட 0-0. அடுத்தது 2025 ஜூன் 10, சாவ் பாவ்லோ, பராகுவே, வினிசியுஸ் கோல், 1-0, வேர்ல்ட் கப் தகுதி. அன்னைக்கு இவருக்கு 66வது பொறந்த நாள். ரொம்ப சந்தோஷப்படாதீங்க, செப்டம்பர்ல நாலாயிரம் மீட்டர் ஒசரத்துல எல் ஆல்டோல மூச்சு வாங்கி பொலிவியாகிட்ட 1-0 தோத்து தகுதிச்சுற்றுல அஞ்சாவதாத்தான் முடிச்சாங்க.

கடைசியா ஒண்ணு. பிளேயர் அன்செலோட்டி பெருசா, கோச் அன்செலோட்டி பெருசா?

கோச், சந்தேகமே இல்ல. ஆனா பிளேயராவும் கோச்சாவும் யூரோப்பியன் கப் ஜெயிச்சவங்க மொத்தமே ஏழு பேருதான்: மிகேல் முனியோஸ், ட்ரபடோனி, க்ரைஃப், இவரு, ரைக்கார்ட், குவார்டியோலா, ஜிதான். அதுல ரைக்கார்ட் இவரு கூட ஆடுனவரு, ஜிதான் இவருகிட்ட ஆடுனவரு.

பிளேயர் அன்செலோட்டிய பாக்கணும்னா 1992 மே மாசம் நடந்த அவரோட கடைசி மேட்ச தேடிப் பாருங்க. மிலன் அந்த லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காம ஏற்கெனவே சாம்பியன், சான் சிரோல வெரோனா, இவரு பெஞ்ச்ல. 32 வயசு, ரெண்டு முட்டியும் போச்சு. சப்பா எறங்குறாரு. மிலனுக்கு அஞ்சு வருஷத்துல லீக்ல மொத்தமே 10 கோல் போட்ட ஆளு, அந்த கொஞ்ச நேரத்துக்குள்ள ரெண்டு போட்டுட்டு வீட்டுக்கு போனாரு.